ஆணிக் கணக்கு

குதிரையின் முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இருப்பதில்லை. காலைத் தூக்கிக் காட்டினால் சொல்லிவிடுவேன். இடது முன்னங்குளம்பு உள்பக்கமாகவே தேய்கிறதா, இது இன்னார் லாயத்துச் செவலை. வலது பின்னங்குளம்பில் நெடுக ஒரு வெடிப்பா, அது போன வருஷம் நியூசிலாந்திலிருந்து வந்த கறுப்பு. 43 வருஷம் குனிந்தே நின்றவனுக்கு வேறெப்படி இருக்கும்? பந்தய நாளில் மைதானமே எழுந்து நின்று கத்தும் நேரத்தில், அடுத்த பந்தயத்துக்குப் போகிற குதிரையின் லாடம் ஆடுகிறதா என்று பின்னால் பார்த்துக்கொண்டிருப்பேன். எது ஜெயித்தது என்பது ஒலிபெருக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர் டர்ஃப் கிளப்பில் வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூடச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்துவார்கள். "இந்த வாரம் எது வரும், மாமா?" எது வரும் என்று எனக்குத் தெரியாது, எதற்குக் கால் வலிக்கும் என்றுதான் தெரியும், அதையும் வெளியே சொல்லக்கூடாது என்பேன். ஒருத்தரும் நம்பியதில்லை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குதிரைக் காலடியில்தான் சோறு. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஃபேரர் பார்க் பந்தயத் திடலில் சைஸாகச் சேர்ந்தவர். சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, அதோடேயே தூங்கி எழுகிறவர். 1842ல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பெயரில் ஆரம்பித்த எங்கள் கிளப்பின் திடல் அது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் முதல் பந்தயம் ஓடியிருக்கிறது. இன்றைக்குத் தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. இலையில் கறி விழுந்தபின் யார் கேட்பார்கள்?

அந்தத் திடலில் நடந்தது பந்தயம் மட்டுமல்ல. சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்தது அங்கேதான், 1911 மார்ச்சில். ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். 1942ல் பிரிட்டிஷ்காரர்கள் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, அவர்கள் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களை ஆயிரமாயிரமாகத் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அதே திடலில். மோகன் சிங் அங்கே நின்றுதான் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டார். அப்போது அங்கே குதிரை இல்லை. 1933லேயே கிளப் புக்கித் தீமாவுக்கு மாறிவிட்டது. ஊருக்கு நடுவில் இடம் போதவில்லை என்று குதிரைகளை ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பினார்கள். தாத்தா ஒரு குதிரையைக் கையில் பிடித்தபடி நடந்தே போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார். வழியெல்லாம் ரப்பர் மரம் என்பார்.

அப்பா பிறந்தது புக்கித் தீமா ஊழியர் குடியிருப்பில். அவரும் சைஸ். நானும் அங்கேதான் பிறந்தேன். காலையில் பால்காரன் மணிக்கு முன்னால் எங்களை எழுப்புவது குளம்புச் சத்தம். ஐந்து மணி இருட்டில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற குதிரைகள் தார் ரோட்டைக் கடக்கும். எத்தனை குதிரை போகிறது, எதற்கு லாடம் தளர்ந்திருக்கிறது என்று அப்பா படுக்கையில் இருந்தபடியே சொல்வார். அந்த விளையாட்டில்தான் என் காது முதலில் பழகியது என்று இப்போது நினைக்கிறேன்.

தேசிய சேவை முடித்து 1981ல் நான் லாடப் பட்டறையில் சேர்ந்தேன். சைஸ் வேலை வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். "அது குதிரைக்கு அடிமைப்படுற வேலைடா. இது கைத்தொழில், யாரும் புடுங்க முடியாது" என்றார். அவர் கணிப்பு முக்கால்வாசி சரி.

பட்டறைத் தலைவர் ஒரு மலாய்ப் பெரியவர். பாவியான் தீவிலிருந்து வந்த குடும்பம். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் குதிரை வேலை என்றால் பாவியான்காரர்கள், இல்லாவிட்டால் நம்மவர்கள். எல்லாரும் அவரைப் பாக் சிக் என்போம், மலாயில் சித்தப்பா மாதிரி. அவர் என்னைத் தம்பி என்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த தமிழ். மூன்று மாதம் என் கையில் சுத்தியலே கொடுக்கவில்லை. கால் பிடிக்கச் சொல்வார், கீழே விழுந்த ஆணியைப் பொறுக்கச் சொல்வார்.

லாடம் அடிப்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "குதிரைக்கு வலிக்காதா?" குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி. அதில் உணர்ச்சி இல்லை. உள்ளே ரத்தமும் நரம்புமாக உயிர்ச்சதை இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில், காலைத் திருப்பிப் பார்த்தால், ஓரத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வெளியே. உள்ளே ஒரு நூல் தள்ளினாலும் போச்சு. லாட ஆணியின் நுனி நேராக இருக்காது. ஒரு பக்கம் சரித்துத் தீட்டியிருப்பார்கள். சரிவை உள்பக்கம் வைத்து அடித்தால் ஆணி தானாக வெளியே வளைந்து குளம்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். திருப்பி வைத்தால் நேரே சதைக்குள் போகும். விரல் தடவியே எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 500 கிலோ மிருகத்தின் காலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு நிற்கிறோம்.

மற்றதெல்லாம் காதுக்கு உள்ள வேலை. ஆணி கெட்டியான சுவரில் இறங்கும்போது கணீர் கணீர் என்று ஒவ்வொரு அடிக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே மெதுவான இடத்துக்குத் திரும்பினால் சத்தம் செத்துவிடும், ஈர மரத்தில் அடித்த மாதிரி. அந்த நொடியில் நிறுத்த வேண்டும். பாக் சிக் ஓயாமல் சொல்லும் ஒரே வார்த்தை, "டெங்கார்." கேள். கையைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ அவர் பேசிக் கேட்டதில்லை.

குளம்பு ஒரு நாட்குறிப்பு மாதிரி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்போல வளரும். மேலே மயிர்க்கால் ஓரத்தில் பிறந்தது கீழே தரையைத் தொட ஒரு வருஷம் ஆகும். குதிரைக்குக் காய்ச்சல் கண்டாலோ தீனி மாறினாலோ அந்த நேரத்து வளர்ச்சியில் ஒரு வரி விழும். சிங்கப்பூரில் பந்தயக் குதிரை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. விமானத்தில் வந்திறங்கிய புதுக் குதிரையின் குளம்பில் ஆறு மாதம் கழித்து நடுவில் ஒரு கோடு இருக்கும். கடல் தாண்டிய கோடு என்பேன் நான். அதற்குக் கீழே அந்த ஊர், மேலே நம் ஊர். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அரத்தால் ராவி ராவி அந்த ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவோம்.

1983ல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில்கூட வெகுகாலம் சொன்னதில்லை.

பயிற்சிக்குப் போட்டிருக்கும் இரும்பு லாடத்தைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்கு லேசான அலுமினிய லாடம் அடிப்பது அப்போது வழக்கம். பந்தயத்துக்கு முந்தின நாள். வரிசையில் பதினோராவது குதிரை, எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வலது முன்னங்கால், மூன்றாவது ஆணி. மூன்றாம் அடியில் சத்தம் செத்தது. குதிரை உதைக்கவில்லை, தோள்பட்டைத் தோல் மட்டும் ஒரு துடிப்புத் துடித்தது, ஈ உட்கார்ந்த மாதிரி. உடனே ஆணியைப் பிடுங்கினேன். ரத்தம் இல்லை. நுனியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. ஏப்ரனில் துடைத்தேன். வேறொரு ஆணியைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சரித்து அதே துளையில் அடித்தேன். கணீர் என்றது. காலை இறக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டேன்.

ஈரம் பார்த்தால் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும், மருந்து வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். 23 வயது. தனியாகக் குதிரை கொடுக்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சொன்னால் திரும்பவும் ஆணி பொறுக்கப் போக வேண்டும்.

விடியற்காலையில் அந்தக் குதிரை வலது முன்னங்காலை ஊன்றாமல் நுனியில் நிறுத்தி நின்றது. பயிற்றுநர் கத்தினார். நானும் அவர் நிலையில் இருந்தால் கத்தியிருப்பேன். பாக் சிக் வந்து குறட்டால் குளம்பைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். மூன்றாவது ஆணிக்கு வந்ததும் குதிரை காலைப் பிடுங்கிக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பி ஒன்றுதான் கேட்டார். "எத்தனை ஆணி?"

ஆறு துளை உள்ள லாடம். "ஏழு" என்றேன்.

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்றுநரிடம் போய், என் பட்டறையில் அடித்த லாடம், தப்பு என்னுடையது என்று சொன்னார். குதிரையைப் பந்தயத்திலிருந்து எடுத்தார்கள். ஆணியைக் கழற்றி, புண்ணைக் கழுவி, குளம்பு முழுக்க மருந்து வைத்துக் கட்டியதில் இரண்டு வாரத்தில் நடந்தது. என்னை அவர் திட்டவில்லை. ஒரு பழைய மில்க்மெய்ட் டின்னைக் கொடுத்தார். இனி பட்டறையில் யார் லாடம் அடித்தாலும் போன ஆணி எத்தனை, அடித்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று நான் கணக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாதம். கீழே கிடக்கிற ஒரே ஒரு ஆணி அடுத்த குதிரையின் உள்ளங்குளம்பில் ஏறினால் அதன் கதை அதோடு முடிந்துவிடலாம், ஆகவே கணக்கு இடிக்கும் நாளில் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர் சட்டம். எல்லாருமாகக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தூளில் இழுத்துக்கொண்டு தேடுவோம். அந்த டின் கடைசிவரை என்னிடம்தான் இருந்தது.

1999ல் மறுபடியும் குதிரைகள் இடம் பெயர்ந்தன. புக்கித் தீமா அதற்குள் ஊர் நடுவுக்கு வந்துவிட்டது. சுற்றிலும் பங்களா. வடக்கே கிராஞ்சியில் புதுத் திடல் கட்டினார்கள். 50 கோடி வெள்ளிச் செலவு என்றார்கள். 30,000 பேர் கொள்ளும் பார்வையாளர் மாடம், வாசலிலேயே எம்ஆர்டி நிலையம், இரவுப் பந்தயத்துக்கு விளக்கு. அப்பா ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாடத்தை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. லாயத்துக்குள் போய்த் தண்ணீர் வடியும் சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "நல்லா கட்டியிருக்கான். எத்தனை வருஷத்துக்கோ" என்றார்.

முதல் பத்து வருஷம் அமோகம்தான். வெளிநாட்டுக் குதிரைகள் வந்து ஓடும் பெரிய பந்தயம், 2006ல் இங்கிலாந்து ராணியே வந்து பார்த்தார். 2011ல் எங்கள் ஊர்க் குதிரை ராக்கெட் மேன் துபாய் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை ஜெயித்தபோது கோப்பிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். இடையில் 2004வாக்கில் பாலிடிராக் என்று ஒரு தடம் போட்டார்கள். மணலோடு நாரும் ரப்பர்த் துணுக்கும் கலந்து மெழுகு பூசியது. மழையில் சேறாகாது, குதிரைக் காலுக்கு இதம். எங்களுக்கு மட்டும் புதுத் தொல்லை. அந்த மெழுகு மணல் உள்ளங்குளம்பில் அப்பிக்கொண்டு, கத்தியில் ஒட்டி, அரத்தின் பல்லை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும். வீட்டுக்காரி என் சட்டையைத் தனி வாளியில் போட ஆரம்பித்தது அப்போதுதான்.

கூட்டம் குறைவதையும் நான் காதால்தான் கண்டுபிடித்தேன். கடைசி 200 மீட்டரில் மாடத்திலிருந்து எழும் இரைச்சல் லாயம்வரை வந்து சுவரில் மோதும். அந்த இரைச்சலின் கனத்தை வைத்து இன்றைக்கு நல்ல கூட்டம், இன்றைக்குச் சுமார் என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் கவனித்தேன், இரைச்சலுக்கு நடுவில் தனித்தனிக் குரல் கேட்கிறது. ஒருவர் ஒரு குதிரையின் எண்ணைச் சொல்லிக் கத்துகிறார், அது எனக்குத் தெளிவாகப் புரிகிறது. கூட்டம் கூட்டமாக இருந்தவரை அப்படிக் கேட்டதில்லை. 2010ல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரி 11,000 பேர், 2019ல் 6,000, கோவிட்டுக்கு அப்புறம் 2,600 என்று பின்னால் கணக்கு வந்தது. 30,000 பேருக்குக் கட்டிய மாடத்தில் 2,600.

காசினோ வந்ததுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். 2010ல் இரண்டு காசினோக்கள் திறந்தது உண்மை. ஆனால் அதோடு முடித்துவிட்டால் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்கிறோம். குதிரைப் பந்தயம் காத்திருக்கிறவனுடைய விளையாட்டு. ஒன்றரை நிமிஷ ஓட்டத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டி, எடை, தூரம், ஜாக்கி, போன மூன்று ஓட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். எங்கள் மாடத்தில் அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். அவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மகன்கள் வரவில்லை. வரவில்லை என்று நான் வருத்தப்படவும் முடியாது. என் பெரியப்பா ஒருவர் புக்கித் தீமாவில் வாராவாரம் விட்டது அவருடைய சம்பளத்தை மட்டுமல்ல. பெரியம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. பெரியம்மா சாகும்வரை எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. நாங்கள் குதிரைக்குச் சோறு போட்டவர்கள்தான், பந்தயம் கட்டச் சொன்னவர்கள் இல்லை என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் பக்கம்தான் நியாயம் என்று இந்த வயதில் தோன்றுகிறது.

2023 ஜூன் 5. திங்கட்கிழமை. கிளப்பை மூடப்போகிறார்கள், 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம், 2027 மார்ச்சுக்குள் 120 ஹெக்டேருக்கும் மேலான இடம் அரசாங்கத்துக்குத் திரும்பப் போகும், வீடு கட்ட. கிளப் ஊழியர் 350 பேர், லாயங்களில் 700 குதிரை. செய்தி வந்த நேரத்தில் நான் ஒரு குதிரையின் பின்னங்காலை மடியில் வைத்திருந்தேன். கயிறு பிடித்துக்கொண்டிருந்தவன் பட்டுக்கோட்டைப் பையன், வந்து நாலு வருஷம், ஊரில் தங்கை கல்யாணக் கடன். கைபேசியைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, அப்ப குதிரையெல்லாம் எங்கண்ணே போகும்?"

தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆணியை அடித்து முடித்தேன்.

நாங்கள் மட்டும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மக்காவ் எங்களை முந்திக்கொண்டது. 2024 மார்ச் 30ல் அங்கே கடைசிப் பந்தயம். எங்களுக்கு அப்புறம் பினாங்கு, 1864ல் தொடங்கிய கிளப், 2025 மே 31ல் முடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்தில் கோலாலம்பூரும் ஈப்போவும்தான் பாக்கி. நாற்பது வருஷமாக இந்த ஊர்களுக்கு நடுவே குதிரையும் ஜாக்கியும் லாடக்காரனும் போய் வந்துகொண்டிருந்தோம். ஒரு ஊரில் வேலை போனால் இன்னொரு ஊரில் சுத்தியலோடு போய் நிற்கலாம். கைத்தொழில், யாரும் புடுங்க முடியாது என்று அப்பா சொன்னது அந்த நம்பிக்கையில்தான். தொழிலை யாரும் பிடுங்கவில்லை. கையை வைக்கக் குளம்பு இல்லாமல் போனது.

கடைசி நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பத்துப் பந்தயம், கடைசியாக 100வது கிராண்ட் சிங்கப்பூர் கோல்டு கப், ஸ்மார்ட் ஸ்டார் ஜெயித்தது. 10,000 பேர் வந்திருந்தார்கள். குழந்தை குட்டியோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் முதல்முறையாக வந்தவர்கள். இதில் கால்வாசிப் பேர் மாதம் ஒருமுறை வந்திருந்தால் என்று எங்கள் பட்டறையில் ஒருவர் முணுமுணுத்தார். சாவு வீட்டுக்கு வருகிற கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வராது, எங்கேயும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் நான் பட்டறையைப் பூட்டிவிட்டு வேலிக்கருகில் போய் நின்றேன். 43 வருஷத்தில் ஒரு பந்தயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தது அதுதான். 2,000 மீட்டர், இரண்டு நிமிஷம். குதிரைகள் எங்களைத் தாண்டும்போது கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா லாடமும் இருந்தது.

பந்தயம் போய்விட்டது, பந்தயம் கட்டுவது போகவில்லை. வெளிநாட்டுப் பந்தயங்களுக்குச் சிங்கப்பூர் பூல்ஸில் இன்னமும் பணம் கட்டலாம். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் அதே பழைய முகங்கள் கைபேசியில் ஹாங்காங் பார்க்கிறார்கள், ஆஸ்திரேலியா பார்க்கிறார்கள். சூதாட்டம் என்று பெரியம்மா சபித்தது அப்படியே இருக்கிறது. குதிரையும் அதைக் கழுவிவிட்ட கையும்தான் ஊரை விட்டுப் போயின. எதை மூட வேண்டும் என்று பெரியம்மாவைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

நிலத்தைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. 735 சதுர கிலோமீட்டர் நாட்டில், தொண்ணூறு சதுர மீட்டர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், வாரம் ஒருநாள் ஓட்டத்துக்கு அவ்வளவு நிலமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. அந்த ஜோடியில் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. மகளுக்கு நிச்சயமாகிவிட்டது, வீட்டுக் குலுக்கலில், பேலட் என்போம், பெயர் போட்டு இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ப்பா, நீங்க பொறந்த எடத்தப் பாத்துட்டு வரலாம்" என்று புக்கித் தீமாவுக்குக் கூட்டிப் போனாள். கிளப் கிளம்பினபின் அங்கிருந்த மாடங்களில் சூப்பர் மார்க்கெட்டும் சாப்பாட்டுக் கடையும் பழைய கார் வியாபாரமும் இருபது வருஷம் நடந்தது. 2023 கடைசியில் அவர்களையும் காலி செய்துவிட்டார்கள். 176 ஹெக்டேர், அதில் 15,000லிருந்து 20,000 வீடு வரை வரப்போகிறது, அதில் வீவக வீடும் உண்டு. பழைய மாடங்கள் இரண்டையும் இடிக்காமல் வைத்துக்கொள்வார்களாம். அங்கே வரப்போகிற எம்ஆர்டி நிலையத்துக்கு டர்ஃப் சிட்டி என்றே பெயர். ரேஸ் கோர்ஸ் ரோடு மாதிரி அதுவும் பெயராக நிற்கும்.

மாடத்தை வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் மாடத்தில் உட்கார்ந்தவர்கள் பந்தயம் பார்க்க வந்தவர்கள். எங்கள் குடியிருப்பு இருந்த பக்கம் மரங்கள் அடர்ந்து கிடந்தன. உத்தேசமாக ஓரிடத்தைக் காட்டி, இங்கேதான் தாத்தா கட்டில் போட்டிருப்பார் என்றேன். அவள் கைபேசியில் வரைபடத்தை வைத்து எந்தப் பக்கம் வீவக வரும் என்று தேடிக்கொண்டிருந்தாள். "இங்க கெடச்சா நல்லா இருக்கும்ல, ப்பா? பழைய எடம்" என்றாள். ஃபேரர் பார்க்கில் ஒரு பகுதியிலும் வீவக, இங்கேயும், நாளைக்குக் கிராஞ்சியிலும். தாத்தா, அப்பா, நான், மூன்று பேர் சாணி அள்ளின மூன்று இடமும் குடியிருப்பாகிவிடும். சாணி விழுந்த மண்ணில் செடி நன்றாக வரும் என்று சொன்னேன். பத்தாவது மாடியில் செடி வைக்க மண்ணை நாமதான் வாங்கிட்டுப் போகணும் என்றாள்.

பந்தயம் முடிந்தபின் குதிரைகள் போக மாதக்கணக்கானது. சில லாரியில் ஜொகூர்ப் பாலம் தாண்டி மலேசியாவுக்கு. சில விமானத்தில். விமானத்தில் போகிற குதிரைக்குப் பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது வழக்கம். நெருக்கமான கூண்டில் மிரண்டு உதைத்தால் பக்கத்துக் குதிரைக்கு ஆகாது. ஆக என் கடைசி வேலை லாடம் அடிப்பதாக இல்லை, கழற்றுவதாக இருந்தது. கழற்றிய குளம்பைப் பிடித்துப் பார்ப்பேன். மேலே கொஞ்ச நாளில் ஒரு வரி விழும். அதற்குக் கீழே இருக்கிற கிராஞ்சியை வேறெந்த ஊர்க்காரனோ மாதாமாதம் ராவி எடுத்துவிடுவான். அடுத்த வருஷம் இந்நேரம் அந்தக் காலில் நான் தொட்ட குளம்பு ஒரு துளிகூட இருக்காது.

கடைசியாக என்னிடம் வந்தது ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரை. பட்டுக்கோட்டைப் பையன்தான் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒரு கிடங்கில் வேலை உறுதியாகியிருந்தது. பின்னங்கால் இரண்டு, லாடத்துக்கு ஆறு ஆணி, மொத்தம் பன்னிரண்டு. மடக்கிய நுனியை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக இழுத்து டின்னில் போட்டேன். குதிரை லாரியில் ஏறிப் போனது. டின்னைக் கவிழ்த்து எண்ணினேன். பதினொன்று.

காந்தத்தைக் கட்டி இழுத்தேன். மரத்தூளைக் கூட்டி, ரப்பர் விரிப்பைத் தூக்கி, வடிகாலில் கைவிட்டுப் பார்த்தேன். லாயம் காலி. இனி அங்கே குதிரையே வராது என்று எனக்குத் தெரியும். பையன் வாசலில் நின்று, "அண்ணே, விடுங்கண்ணே, இனி எந்தக் குதிரைக்குக் குத்தப் போவுது?" என்றான். சரிதான் என்றேன். சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். முக்கால் மணி நேரம்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்து சிமெண்டுத் தரையில் கால் வைத்தபோது டிக் என்று சத்தம் கேட்டது. இன்னொரு அடி வைத்தேன். மறுபடி டிக். படியில் உட்கார்ந்து என் இடது பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் ரப்பரில் தலைவரை இறங்கியிருந்தது. பையனைக் கூப்பிட்டுக் குறட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.